தாளில் தெளியும் முகம்

(ஆலங்குளத்தில் ஸ்டூடியோத் தொழிலாளர்களும் மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் நடுவழியில் இருக்கிற ஊர் ஆலங்குளம். இங்கே ஒரு ஸ்டூடியோ வாசலில் ஒரு பகல் உட்கார்ந்திருந்தால் போதும், சுற்றுவட்டாரத்தின் வாழ்க்கை முழுவதும் நம்மைக் கடந்துபோகும். பள்ளிக்கூடத்தில் சேரப் போகிற பிள்ளைக்கு ஸ்டாம்ப் சைஸ் படம். வளைகுடா நாட்டுக்கு வேலைக்குக் கிளம்பும் பையனுக்குப் பாஸ்போர்ட் சைஸ் படம். பீடி சுற்றும் அக்காவுக்கு அடையாள அட்டைப் படம். காதுகுத்து, சடங்கு வீடு, கல்யாணம், கோயில் கொடை என்று ஆல்பங்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில், மாலை போட்டுச் சுவரில் மாட்டும் படம்.

இந்தக் கடைசிப் படத்துக்காக வருகிறவர் பெரும்பாலும் கையில் ஓர் அட்டையோடு வருவார். "அண்ணாச்சி, எங்க அம்மா படம்னு இருக்கது இந்த ஓட்டு அட்டையில உள்ளது மட்டுந்தான். இதப் பெருசாப் போட்டுத் தாங்க" என்பார். நம் தொழிலில் இதைவிடக் கனமான வேலை கிடையாது. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய, புள்ளி புள்ளியாக அச்சான ஒரு படத்தை, அந்த வீட்டார் வாழ்நாள் முழுக்கப் பார்த்துக் கும்பிடப்போகும் படமாக ஆக்கித் தர வேண்டும். அதற்கு நம்மிடம் என்ன கருவி இருக்கிறது, அதை எப்படிப் பிடிக்க வேண்டும், எந்த இடத்தில் கையை நிறுத்த வேண்டும் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

படத்தைக் கூர்மையாக்குதல், நூற்றுக்கணக்கான படங்களை ஒரே தொகுப்பாக முடித்தல், தாளில் அச்சிடுதல் ஆகிய மூன்று வேலைகளையும் எடுத்துக்கொள்கிறேன். மூன்றுக்கும் ஒரே ஒழுங்குதான் அடிப்படை. இருப்பதைத் துலக்க வேண்டும், இல்லாததைச் சேர்க்கக் கூடாது. எந்தத் தாளில், எத்தனை அடி தூரத்தில், யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் மவுஸில் கை வைக்க வேண்டும்.

கைக்கு எட்டும் கருவிகள்

முதலில் கருவிகள். 1995-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் எழுதத் தொடங்கியதுதான் ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருள். 1996-இல் பொதுமக்கள் கைக்கு வந்தது. அன்றிலிருந்து உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் அதை வளர்த்து வருகிறார்கள். 2018-இல் 2.10 பதிப்பும் 2025 மார்ச்சில் 3.0 பதிப்பும் வெளியாயின. இந்த 3.0-இல் நமக்குப் பெரிதும் பயன்படும் வசதி ஒன்று சேர்ந்திருக்கிறது. ஒரு ஃபில்டரை லேயரின்மேல் போட்டு வைத்துவிட்டு, நாளைக்கு வந்துகூட அதன் எண்களை மாற்றலாம், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். அடியில் இருக்கும் படத்துக்கு ஒரு குறையும் வராது.

தொகுப்பு வேலைக்கு இமேஜ்மேஜிக் இருக்கிறது. டூபான்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜான் கிறிஸ்டி 1987-இல் எழுதத் தொடங்கி, 1990-இல் உலகத்துக்குத் திறந்துவிட்ட மென்பொருள் அது. கேமராவின் ரா கோப்புகளுக்கு டார்க்டேபிள், ராதெரபி ஆகியவை உண்டு. படங்களை அடுக்கி வைக்க டிஜிகேம் உண்டு. எல்லாமே கட்டற்ற மென்பொருள்கள். வீட்டிலும் பயன்படுத்தலாம், கடையில் காசு வாங்கிச் செய்யும் வேலைக்கும் பயன்படுத்தலாம், எத்தனை கணினியிலும் நிறுவலாம், பக்கத்துக் கடைக்காரருக்கும் கொடுக்கலாம். எல்லாம் சட்டப்படியே. விலையின்றிக் கிடைக்கும் வேறு சில மென்பொருள்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று நிபந்தனை போட்டிருக்கும். தொழில் செய்கிறவர்கள் உரிமத்தை வாசித்துவிட்டு நிறுவ வேண்டும்.

இந்தக் கருவிகள் தமிழ்நாட்டுக்குப் புதியவை அல்ல. கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைச் சென்னையில் சி-டாக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சேர்ந்து 2005-இல் தொடங்கின. அங்கிருந்து 2007-இல் பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளம் வந்தது. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்த மடிக்கணினிகள் இன்னும் பல வீடுகளில் அலமாரியில் கிடக்கின்றன. நான் இன்று சொல்லப்போகும் வேலைகளில் பெரும்பகுதியை அவற்றிலேயே செய்யலாம். கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

திருட்டுப் பிரதியை வைத்துத் தொழில் நடத்தும் பயம் இனி யாருக்கும் வேண்டாம். காசு இல்லை என்பதற்காக ஒரு பிள்ளை இந்தத் தொழிலைக் கற்காமல் போகவும் வேண்டாம். கட்டற்ற மென்பொருளை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இந்த இரண்டுமே காரணம்.

கூர்மை எங்கிருந்து வருகிறது

சரியாக ஃபோகஸ் செய்து எடுத்த படமும் ஏன் சற்று மங்கலாக இருக்கிறது? காரணம் கேமராவுக்குள் இருக்கிறது. சென்சாரில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றில் ஒரு நிறத்தை மட்டும்தான் அளக்கிறது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. மற்ற இரண்டு நிறங்களையும் பக்கத்துப் புள்ளிகளை வைத்துக் கணினி ஊகிக்கிறது. ஊகிக்கும்போது ஓரங்கள் கரைகின்றன. பிறகு படத்தைச் சுருக்கும்போதும் பெரிதாக்கும்போதும் இன்னும் கொஞ்சம் கரைகின்றன. கடைசியில் தாளில் மை விழுந்து பரவும்போது மேலும் கரைகின்றன.

இதற்கு மருந்தை 1930-களிலேயே இருட்டறைத் தொழிலாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். நெகட்டிவிலிருந்து வேண்டுமென்றே சற்று மங்கலான, மெல்லிய ஒரு பாசிட்டிவை எடுப்பார்கள். அதை நெகட்டிவோடு சேர்த்து வைத்து ஒளி பாய்ச்சி அச்சிடுவார்கள். பரந்த ஒளிநிழல் பகுதிகளை மங்கல் பாசிட்டிவ் ஓரளவு அடக்கிவிடும், நுண்ணிய ஓரங்கள் மட்டும் எழுந்து நிற்கும். இன்று ஜிம்ப்பில் ஃபில்டர்ஸ் பட்டியில் என்ஹான்ஸ் என்பதற்குள் இருக்கும் அன்ஷார்ப் மாஸ்க் அதே வேலையைக் கணக்காகச் செய்கிறது. படத்தின் மங்கலான பிரதி ஒன்றை உருவாக்குகிறது, அதை அசல் படத்திலிருந்து கழிக்கிறது. கழித்தால் மிஞ்சுவது ஓரங்கள்தான். அந்த மிச்சத்தை நாம் சொல்லும் அளவுக்குப் பெருக்கி அசலோடு கூட்டிவிடுகிறது.

அதனால் என்ன நடக்கிறது? கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் கோட்டில், கறுப்புப் பக்கம் ஓர் இழை கூடுதலாகக் கறுக்கிறது, வெள்ளைப் பக்கம் ஓர் இழை கூடுதலாக வெளுக்கிறது. வீட்டு வாசலில் கோலம் போட்டுச் சுற்றிலும் காவி கட்டினால் மாவுக்கோடு எப்படி எடுப்பாகத் தெரிகிறதோ, அப்படித்தான் இதுவும். மாவு அதே மாவுதான், பக்கத்து நிறம்தான் அதைத் தூக்கிக் காட்டுகிறது. மனிதக் கண்ணே ஓரங்களை மிகைப்படுத்தித்தான் பார்க்கிறது என்பதை 1865-இல் எர்ன்ஸ்ட் மாக் விளக்கினார். கண் நரம்புகளில் ஒன்று தூண்டப்படும்போது பக்கத்து நரம்பை அடக்குகிறது என்பதைக் குதிரைலாட நண்டின் கண்ணில் ஆராய்ந்து காட்டிய ஹார்ட்லைனுக்கு 1967-இல் நோபல் பரிசு கிடைத்தது. கண்ணின் இந்த இயல்புக்குத்தான் நம் ஃபில்டர் கை கொடுக்கிறது.

இந்த ஃபில்டரில் மூன்று எண்கள் உண்டு. ரேடியஸ் என்பது ஓரத்தின் இருபுறமும் எவ்வளவு அகலத்துக்கு மாற்றம் நடக்க வேண்டும் என்பது. அமௌன்ட் என்பது எவ்வளவு அழுத்தமாக நடக்க வேண்டும் என்பது. த்ரெஷோல்ட் என்பது எவ்வளவு சிறிய வேறுபாட்டைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்பது. பலரும் அமௌன்ட்டை மட்டும் ஏற்றிக்கொண்டே போகிறார்கள். படத்தின் தன்மையைத் தீர்மானிப்பது ரேடியஸ்தான். தென்காசிக் கோபுரத்தின் சுதைச் சிற்பங்களைப் போல நுண்வேலை நிறைந்த படத்துக்கு ரேடியஸ் ஒன்றைச் சுற்றி இருக்கட்டும். முகத்துக்குச் சற்றுக் கூட்டலாம், அமௌன்ட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள், த்ரெஷோல்டைச் சிறிது ஏற்றுங்கள். அப்போது கண்ணிமையும் தலைமுடியும் சேலைக் கரையும் துலங்கும், கன்னத்துத் தோல் சொரசொரப்பாகாது.

இன்னொரு பழக்கம் வேண்டும். படத்தின் லேயரை ஒரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியைக் கூர்மையாக்கி, அதன் மோடை எல்சிஎச் லைட்னஸ் என்று மாற்றுங்கள். கூர்மை வெளிச்சத்தில் மட்டும் ஏறும், பட்டுச் சேலையின் ஓரத்தில் வேண்டாத நிறக்கோடு வராது. அதே பிரதியில் ஒரு லேயர் மாஸ்க் வைத்தால், எங்கே கூர்மை வேண்டும், எங்கே வேண்டாம் என்பதைப் பிரஷ்ஷால் தீட்டிக்கொள்ளலாம். சாரல் காலத்தில் ஐந்தருவியைப் படமெடுக்கிறீர்கள் என்று வையுங்கள். பாறைக்கும் மரத்துக்கும் கூர்மை கொடுங்கள், விழும் தண்ணீரை விட்டுவிடுங்கள். தண்ணீரைக் கூர்மையாக்கினால் அருவியின் ஓட்டம் போய், மணல் கொட்டினது போல ஆகிவிடும். குற்றாலம் சித்திரசபையின் சுவரோவியங்கள் போன்றவற்றை ஆவணத்துக்காகப் பதிவு செய்யும்போதோ மிகக் குறைவாகவே கூர்மையாக்க வேண்டும். சுவரின் வெடிப்பு ஓவியனின் கோடு போலத் தெரிந்துவிடக் கூடாது.

புரூஸ் ஃபிரேசர் என்ற வல்லுநர் 2006-இல் வெளியிட்ட தம் நூலில் கூர்மையாக்கலை மூன்று கட்டமாகப் பிரித்தார். கேமராவால் வந்த மங்கலை மட்டும் நீக்க முதலில் மெலிதாக ஒன்று. படத்தின் பொருளுக்கேற்ப இடம் பார்த்து இரண்டாவது. அச்சிடும் தாளுக்கும் அளவுக்கும் ஏற்ப மூன்றாவது. முதல் இரண்டையும் செய்து கோப்பைப் பாதுகாத்து வையுங்கள். மூன்றாவதை ஒவ்வொரு முறை அச்சிடும்போதும் ஒரு பிரதியில் மட்டும் செய்யுங்கள். வண்ணத்தைத் திருத்தி, வெட்டி, அளவை மாற்றி, எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகச் செய்ய வேண்டியது அது.

செல்போன் படங்களுக்கு ஓர் எச்சரிக்கை. போன் தானாகவே படத்தைக் கூர்மையாக்கித்தான் சேமிக்கிறது. அதன்மேல் நாம் மறுபடி ஏற்றினால் முகம் மரத்தில் செதுக்கினது போல ஆகும். வாட்ஸ்அப்பில் வந்த படமென்றால் நிலைமை இன்னும் மோசம். ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. நன்றாகச் சுருங்கிய படத்தில் நாம் கூர்மையாக்குவது அந்தக் கட்டங்களின் ஓரத்தைத்தான். ஆகவே வாடிக்கையாளரிடம், "படத்த டாக்குமென்ட்டா அனுப்புங்கம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். எந்த ஃபில்டரும் செய்யாத நன்மையை அந்த ஒரு வார்த்தை செய்யும்.

ஓட்டு அட்டை முகம்

அந்த அம்மாவின் ஓட்டு அட்டைக்கு வருவோம். அட்டையில் உள்ள படம் இரண்டரைக்கு மூன்று சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 590-க்கு 710 புள்ளிகள் கிடைக்கும். 1200-க்கு ஏற்றினால் புள்ளிகள் கூடும், முகத்தின் விவரம் கூடாது. அட்டையை அச்சடித்த மைப்புள்ளிகள்தான் பெரிதாகத் தெரியும். எனவே முதலில் காஸியன் பிளர் கொண்டு மைப்புள்ளிகள் கரையும் அளவுக்கு மட்டும் மெலிதாக மங்கவையுங்கள். பிறகு ஒளிநிழலைச் சீராக்குங்கள். அச்சிடும் அளவுக்குப் பெரிதாக்குங்கள். கடைசியில் கண், மூக்கு, உதடு, நெற்றிப்பொட்டு, தோடு ஆகியவற்றுக்கு மட்டும் மாஸ்க் வழியாகக் கூர்மை கொடுங்கள்.

எட்டுக்குப் பத்து அங்குலத்தில் போட்டால் ஓர் அங்குலத்துக்கு எழுபது புள்ளிகள்தானே வரும் என்று கேட்கலாம். சுவரில் மாட்டும் படத்தை நான்கடி தள்ளி நின்றுதான் பார்ப்பார்கள். நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரைதான் பிரித்தறியும். நான்கடி தூரத்தில் அந்தக் கணக்கு அங்குலத்துக்கு ஏறக்குறைய எழுபது புள்ளிகளோடு முடிந்துவிடுகிறது. அந்த அம்மாவின் முகம் மகன் நிற்கிற இடத்திலிருந்து நன்றாகவே தெரியும். பன்னிரண்டுக்குப் பதினெட்டு வேண்டுமென்று கேட்டால், "இந்தப் படத்துக்கு இந்த அளவுதான் அழகு" என்று எடுத்துச் சொல்லுங்கள்.

இங்கேதான் ஒரு பெரிய ஆசை குறுக்கே வருகிறது. மங்கலான முகத்தைக் கொடுத்தால் பளிச்சென்ற முகமாக மாற்றித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது போனிலேயே வந்துவிட்டன. 2020-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய பல்ஸ் என்ற நிரல், பராக் ஒபாமாவின் கட்டம் கட்டமாகச் சிதைந்த படத்தை வாங்கி ஒரு வெள்ளையரின் முகமாகத் திருப்பிக் கொடுத்தது. அது கோளாறாக நடந்ததல்ல, அந்த முறையின் இயல்பே அதுதான். படத்தில் இல்லாத விவரத்தை, தான் பழகிய வேறு முகங்களிலிருந்து அது வரைகிறது. அன்ஷார்ப் மாஸ்க் தவறாகப் போனால் படம் அசிங்கமாகும், ஆனாலும் அது அம்மாவின் படம்தான். இந்தக் கருவி தவறாகப் போனால் படம் அழகாக இருக்கும், ஆனால் சுவரில் மாலையோடு தொங்குவது யாரோ ஒருத்தியின் முகமாக இருக்கும். பேரப்பிள்ளைகள் அதைத்தான் பாட்டி என்று நினைத்து வளர்வார்கள். அந்தக் கருவியைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தொட்டால் வீட்டாருக்குச் சொல்லிவிட்டுத் தொடுங்கள், மாற்றாத படத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

அறுநூறு படங்கள், ஒரு ராத்திரி

அடுத்தது தொகுப்பு வேலை. கோயில் கொடை முடிந்த மறுநாள் நூற்றுக்கணக்கான படங்கள் கம்ப்யூட்டரில் இறங்கும். பள்ளிக்கூட அடையாள அட்டை என்றால் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டும். ஒவ்வொன்றாகத் திறந்து, சுருக்கி, கூர்மையாக்கிச் சேமித்துக்கொண்டிருந்தால் கண்ணும் தோளும் போய்விடும். பகலெல்லாம் கேமரா தூக்கிய பிள்ளை ராத்திரியெல்லாம் கணினி முன்னால் உட்காரக் கூடாது. கணினி செய்யும் வேலையைக் கணினியிடம் விட வேண்டும்.

இமேஜ்மேஜிக்கிடம் ஒரே வரியில் சொல்லிவிடலாம். சாய்ந்து எடுத்த படங்களை நிமிர்த்து, நீளமான பக்கத்தை 1800 புள்ளியாகச் சுருக்கு, ஏற்கெனவே சிறிய படத்தைப் பெரிதாக்காதே, இந்த அளவு கூர்மையாக்கு, இந்தத் தரத்தில் ஜேபெக்காகச் சேமி. கட்டளை வரி பழகாதவர்கள் டிஜிகேமின் பேட்ச் க்யூ மேனேஜரில் இதே படிகளை மவுஸாலேயே அடுக்கலாம். ரா கோப்பு எடுப்பவர்கள் டார்க்டேபிளில் ஒரு படத்தைச் சீர்செய்து, அதை ஸ்டைலாகச் சேமித்து மற்றவற்றின்மேல் போடலாம்.

இமேஜ்மேஜிக்கில் மோக்ரிஃபை என்ற கட்டளை அசல் கோப்பின் மேலேயே எழுதிவிடும். வேறு ஃபோல்டருக்கு அனுப்பச் சொல்லும் பாத் என்ற சொல்லைச் சேர்க்காமல் அதை ஓட்டினால், ஒரு கல்யாணத்தின் அசல் படங்கள் அத்தனையும் சுருங்கிப்போகும், மீட்கவே முடியாது. ஆகவே மெமரி கார்டிலிருந்து இறக்கியவுடன் ஒரு பிரதியை வேறொரு டிஸ்க்கில் போட்டு மூடிவிடுங்கள். வேலை எப்போதும் பிரதியில்தான் நடக்க வேண்டும்.

கட்டளை ஒன்றுதான் என்பதற்காக எல்லாப் படத்துக்கும் ஒரே எண்ணைப் போடக் கூடாது. கொடையில் பகல் பால்குட ஊர்வலம் வெயிலில் எடுத்தது, ராத்திரிச் சாமியாட்டம் தீவட்டி வெளிச்சத்திலும் சீரியல் செட் வெளிச்சத்திலும் எடுத்தது. ராத்திரிப் படத்தில் புள்ளிக் குருணை அதிகம் இருக்கும். பகலுக்குப் போட்ட கூர்மையை அதற்கும் போட்டால் சாமியாடியின் முகத்தைவிடக் குருணைதான் கூர்மையாகும். எனவே முதலில் படங்களை வெளிச்ச வாரியாக மூன்று நான்கு ஃபோல்டராகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு படத்தை எடுத்து எண்களைச் சோதியுங்கள். பிறகு மொத்தமாக ஓட்டுங்கள். முடிந்த பிறகு சிறுபடங்களாகத் திறந்து ஒரு முறை முழுவதும் கண்ணை ஓட்டுங்கள். மிச்சமாகும் நேரத்தை, ஆல்பத்தில் பெரிதாக வரப்போகும் படங்களுக்குக் கையால் செலவழியுங்கள்.

பாஸ்போர்ட் படத்தில் இந்தக் கணக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். மூன்றரைக்கு நான்கரை சென்டிமீட்டர் படம், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 413-க்கு 531 புள்ளிகள். நான்குக்கு ஆறு அங்குலத் தாள் 1800-க்கு 1200 புள்ளிகள். குறுக்கே நான்கு, நெடுக்கே இரண்டு, ஆக எட்டுப் படங்கள். ஒவ்வொரு படத்தைச் சுற்றியும் 15 புள்ளி விட்டாலும் 1772-க்கு 1122-இல் அடங்கிவிடும், கத்தரிக்கவும் இடம் இருக்கும். இமேஜ்மேஜிக்கின் மான்டேஜ் கட்டளை இந்தத் தாளை ஒரு நொடியில் அடுக்கித் தரும். ஒரு வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு தாள் ஒரே ஓட்டத்தில் தயாராகிவிடும்.

தாள்

இனி அச்சு. திரையில் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வாடிக்கையாளர் கையில் வாங்கிப்போவது தாளைத்தான். இங்கே நிறையக் குழப்பம் நிலவுவதால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

அங்குலத்துக்கு 300 புள்ளி என்பதை எல்லோரும் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அது எங்கிருந்து வந்தது? கையில் ஓர் அடி தூரத்தில் பிடித்துப் பார்க்கும் படத்தில் கண் பிரித்தறியும் எல்லை அங்குலத்துக்கு ஏறக்குறைய 290. அதைத்தான் 300 என்கிறோம். கையில் பார்க்கும் நான்குக்கு ஆறு படத்துக்கும், மடியில் வைத்துப் புரட்டும் பன்னிரண்டுக்கு முப்பத்தாறு கரிஷ்மா ஆல்பத் தாளுக்கும் அது சரி. பத்தடி தள்ளி நின்று பார்க்கும் ஃப்ளெக்ஸ் பேனருக்கு அதே கணக்குப்படி முப்பது போதும். பத்துக்கு ஆறடி பேனர் என்றால் 3600-க்கு 2160 புள்ளிகள், சாதாரணப் போன் கேமராவே அதைக் கொடுத்துவிடும். அந்தக் கோப்பை 300-க்கு ஏற்றி, கணினியைத் திணறடித்து, பென் டிரைவை நிரப்புவதில் பயன் ஒன்றும் இல்லை.

ஜிம்ப்பில் இமேஜ் பட்டியில் பிரின்ட் சைஸ், ஸ்கேல் இமேஜ் என்று இரண்டு உண்டு. பிரின்ட் சைஸ் படத்தின் புள்ளிகளைத் தொடாது, அவை தாளில் எவ்வளவு இடத்தில் விழ வேண்டும் என்று மட்டும் சொல்லும். ஸ்கேல் இமேஜ் புள்ளிகளையே கூட்டும் அல்லது குறைக்கும். படத்தில் போதுமான புள்ளிகள் இருந்தால் முதலாவது போதும். தேவையில்லாமல் இரண்டாவதைத் தொட்டால் படம் ஒரு சுற்று மங்கும்.

தாளுக்கேற்ற கூர்மை எவ்வளவு? பளபளப்பான தாளில் மை மேலேயே நிற்கும், குறைவான கூர்மை போதும். மேட் தாளிலும் கேன்வாஸிலும் மை ஊறிப் பரவும், அதிகம் வேண்டும். அச்சுக்காகச் சரியாகக் கூர்மையாக்கின படம் திரையில் நூறு சதவிகிதத்தில் பார்த்தால் சற்று அதிகமாகத்தான் தெரியும். திரையை நம்பித் தீர்மானிக்காதீர்கள், தாளிடம் கேளுங்கள். ஒரே முகத்தைச் சிறிதாக வெட்டி ஆறு பிரதியாக்கி, ஒன்றுக்குக் கூர்மையே இல்லாமலும் மற்ற ஐந்துக்கும் படிப்படியாக ஏற்றியும், ஒவ்வொன்றின் கீழும் அதன் எண்ணை எழுதி, ஒரே நான்குக்கு ஆறு தாளில் அச்சிடுங்கள். பகல் வெளிச்சத்தில் கையில் பிடித்துப் பார்த்து நல்லதைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு வகைத் தாளுக்கும் இப்படி ஒரு தாள் அச்சிட்டுக் கடைச் சுவரில் ஒட்டி வையுங்கள். புதிதாக வேலைக்கு வரும் பையனுக்கு அதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

நிறத்துக்கு வருவோம். "ஸ்கிரீன்ல நல்லாத்தான் இருந்துச்சு, பிரின்ட்ல இருட்டா வந்துட்டு" என்பது நம் எல்லாக் கடைகளிலும் கேட்கும் பேச்சு. முக்கால்வாசி இடங்களில் காரணம், மானிட்டரின் வெளிச்சம் அளவுக்கு மீறி ஏற்றப்பட்டிருப்பதுதான். வெள்ளைத் தாள் ஒன்றை மானிட்டர் பக்கத்தில் பிடியுங்கள், திரையின் வெள்ளை அந்தத் தாளின் வெள்ளைக்குப் பக்கமாக வரும்வரை வெளிச்சத்தை இறக்குங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். வெளி லேபுக்கு அனுப்பும் படங்களை எஸ்ஆர்ஜிபி நிறவெளியில், அந்த ப்ரொஃபைலைப் பதித்தே அனுப்புங்கள். உங்கள் பிரின்டரிலேயே போடுவதானால், நிறத்தை ஜிம்ப் கவனிக்கிறதா, பிரின்டர் டிரைவர் கவனிக்கிறதா என்பதை முடிவு செய்து மற்றதை அணைத்துவிடுங்கள். இரண்டும் திருத்தினால் முகம் செங்கல் நிறமாகும். டிரைவரில் தாளின் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள், எவ்வளவு மை விழ வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. லினக்ஸில் வேலை செய்கிறவர்களுக்கு குட்டன்பிரின்ட் என்ற டிரைவர் தொகுப்பு இருக்கிறது. ஜிம்ப்புக்கான அச்சு இணைப்பாகத் தொடங்கி, பல நிறுவனங்களின் பிரின்டர்களை இயக்குமளவுக்கு வளர்ந்த கட்டற்ற மென்பொருள் அது. ஓரமில்லாமல் அச்சிடச் சொன்னால் டிரைவர் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தைத் தாளுக்கு வெளியே தள்ளும். ஆகவே குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்பவர் தோளுக்கு அப்பால் கொஞ்சம் இடம் விட்டு வெட்டுங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு கவனமும் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஈரக் காற்று வீசுகிறது. குற்றாலத்துக்கு அது சீசன், நம் போட்டோத் தாளுக்கு அது சோதனைக் காலம். பிரித்த பாக்கெட்டைத் திறந்தபடி வைத்தால் தாள் ஈரத்தைக் குடித்து வளையும், மை கூடுதலாகப் பரவும். வேண்டிய தாளை மட்டும் எடுத்துக்கொண்டு பாக்கெட்டை உடனே மூடுங்கள். அச்சிட்டவுடன் லேமினேட் செய்யாதீர்கள், கண்ணாடிக்குள் ஃபிரேம் போடாதீர்கள். நன்றாக உலரவிட்டுச் செய்தால்தான் அடுத்த வருடமும் அந்தப் படம் அப்படியே இருக்கும்.

யாருக்காக இவ்வளவும்

இவ்வளவு நுணுக்கம் ஒரு சின்ன ஊர் ஸ்டூடியோவுக்குத் தேவையா என்று சிலருக்குத் தோன்றலாம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, பழைய தமிழக ஸ்டூடியோப் படங்களைத் தேடித் தொகுத்தார்கள். ஏறக்குறைய 1880 முதல் 1980 வரையிலான படங்கள். கல்யாண ஜோடி, நாற்காலியில் அமர்ந்த குடும்பத் தலைவர், தரையில் விரிப்பில் உட்கார்ந்த பிள்ளைகள் என்று சாதாரண மனிதர்களின் படங்கள். எடுத்தபோது அவை வெறும் கடை வேலை. இன்று அவை தமிழ்ச் சமூகத்தின் வரலாற்றுச் சான்றுகள். நீங்கள் இன்று எடுக்கும் கொடைப் படமும், பள்ளிக்கூடக் குரூப் போட்டோவும் நாளைக்கு அதே மதிப்பைப் பெறும்.

அந்த மதிப்பு இரண்டு காரணங்களால் நிலைக்கும். அசல் கோப்பு கெடாமல் இருக்க வேண்டும், நல்ல தாளில் ஒரு பிரதியாவது இருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் நின்றுபோகும், போன் தொலைந்துபோகும். அலமாரியில் ஈரம் படாமல் வைத்த தாள் பேரன் காலம் வரை வரும். 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் மின்னாக்கிவரும் நூலகம் அமைப்பினரால், அவை தாளில் எஞ்சியிருந்ததால்தான் எண்ணிமத்துக்குக் கொண்டுவர முடிகிறது. தாளும் கோப்பும் ஒன்றையொன்று காப்பாற்ற வேண்டும்.

ஆகவே இங்கே கூடியிருப்பவர்களிடம் சில வேண்டுகோள்கள். ஸ்டூடியோக்காரர்களே, இந்த வாரமே உங்கள் பிரின்டருக்கு அந்தச் சோதனைத் தாளை அச்சிட்டு ஒட்டுங்கள், ஓராண்டுப் படங்களை இரண்டு இடங்களில் பாதுகாத்து வையுங்கள். மாணவர்களே, உங்கள் கணினியில் ஜிம்ப்பையும் இமேஜ்மேஜிக்கையும் நிறுவுங்கள், உங்கள் தெருவிலுள்ள பெரியவர்களை நல்ல வெளிச்சத்தில் நிற்கவைத்து ஒரு படம் எடுத்து, தாளில் போட்டுக் கொடுங்கள். ஓட்டு அட்டையைத் தவிர வேறு படமே இல்லாத பெரியவர் ஒருவர்கூட இந்த வட்டாரத்தில் இருக்கக் கூடாது. ஆசிரியர்களே, இந்தக் கருவிகளைப் பள்ளிக் கணினி அறையில் ஏற்றுங்கள். பேனர் கடைத் தம்பிகளே, உங்கள் கையில் ஊரின் முகமே இருக்கிறது, அதைச் சிதைக்காமல் பெரிதாக்குங்கள்.

கருவி இலவசமாகக் கிடைத்துவிட்டது, கணக்கும் கடினமல்ல. முகத்தின் உண்மைக்கு மரியாதை கொடுக்கும் மனம் மட்டும் நாம் கொண்டுவர வேண்டியது. அந்த மனத்தோடு வேலை செய்கிற தொழிலாளி எந்த ஊரில் இருந்தாலும், அவர் போடும் படத்தை மக்கள் தேடி வந்து வாங்குவார்கள்.